அணு அடுக்குகளில் காந்தம்: மின்னோட்டத்தால் திருப்பும் முயற்சி எதுவரை வந்திருக்கிறது?

சில அணுக்கள் தடிப்பே உள்ள ஒரு காந்தத்தை, வேறொரு காந்தத்தின் துணையின்றி, மின்னோட்டம் ஒன்றினாலேயே தலைகீழாகத் திருப்ப முடியுமா? பத்தாண்டுகளுக்கு முன்னர் அவ்வளவு மெல்லிய காந்தம் இருக்கமுடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. 2024 இல் அறை வெப்பநிலையிலேயே திருப்பிக் காட்டிவிட்டார்கள். இந்த இடைவெளியில் நடந்ததை முழுவதுமாக ஒருமுறை பார்த்து, எது நிறுவப்பட்டது, எது இன்னும் வெறும் வாக்குறுதி என்று பிரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதவேண்டும்? காரணம் மின்சாரம். ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் பண்ணைத் தாம்போதி வழியாகத் தேசிய மின்வழங்கல் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் கடலால் பிரிந்தவை. டீசல் இயந்திரங்களை நம்பி வாழ்ந்தவை. இந்த மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் திட்டமிடப்பட்ட கலப்பு மின்னுற்பத்தியின் அளவு இதுதான்: காற்றிலிருந்து 530 கிலோவாட், சூரிய ஒளியிலிருந்து 1,700 கிலோவாட், சேமிக்க 2,400 கிலோவாட் மணி மின்கலம், கைகொடுக்க 2,500 கிலோவாட் டீசல். மூன்று தீவுகளின் விளக்கும் விசிறியும் நீர்ப்பம்பியும் இதற்குள் அடங்கவேண்டும். மறுபுறம், சர்வதேச சக்தி முகவரகத்தின் கணக்கில் 2024 இல் உலகின் தரவு மையங்கள் மட்டும் 415 டெராவாட் மணி மின்சாரத்தை உண்டன. இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாவது சுமார் 16 டெராவாட் மணிதான். அதே முகவரகம் 2030 இல் தரவு மையங்களின் தேவை 945 ஐத் தொடும் என்கிறது. ஒவ்வொரு அலகையும் எண்ணிச் செலவிடும் தீவுக்காரருக்கு, கணிப்பொறி ஒன்று ஒரு துண்டுத் தகவலை எழுதிவைக்க எவ்வளவு சக்தி செலவிடுகிறது என்ற கேள்வி அந்நியமானதல்ல.

இன்றைய கணினியின் பிரதான நினைவகம் தகவலை மின்னேற்றமாக வைத்திருக்கிறது. அந்த மின்னேற்றம் கசிந்துவிடும். அதனால் ஒரு நொடிக்குச் சுமார் 15 தடவை எல்லாவற்றையும் வாசித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்றும் செய்யாமல் இருக்கும் கணினியும் மின்சாரம் குடிப்பதற்கு இது ஒரு காரணம். காந்தத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. மேல்நோக்கிய காந்தம் 1, கீழ்நோக்கியது 0 என்று வைத்துக்கொண்டால், மின்சாரம் நின்ற பின்னும் எழுத்து அழியாது. எழுதும்போது மட்டுமே செலவு. அந்தச் செலவைக் குறைப்பதுதான் முழு விவகாரமும்.

மின்னோட்டம் காந்தத்தை அசைக்கும் என்பது 1820 இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டட் கண்டது. இயற்கை இதையே எமது தலைக்கு மேல் தினமும் செய்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்திய முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. தீவுகளில் தொங்கவிட்ட காந்த ஊசி சில பாகைகளே சரிந்து கிட்டத்தட்டக் கிடையாக நிற்கும். அந்தக் கோட்டைத் தொடர்ந்து, நிலத்திலிருந்து சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதன் விளைவாக நண்பகலில் இப்பகுதியின் காந்தப்புலம் பல பத்து நனோடெஸ்லா, சில நாட்களில் நூறுக்கு மேலும் உயர்ந்து மாலையில் தணிகிறது. அதை அளப்பதற்கென்றே திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுகூடம் இருக்கிறது. ஆனால் இந்த வழியில், அதாவது மின்னோட்டம் சுற்றிலும் உண்டாக்கும் காந்தப்புலத்தைக்கொண்டு, நினைவகத்தில் எழுதமுடியாது. புலம் பரவும், பக்கத்துத் துண்டையும் குழப்பும், உறுப்பு சிறுக்கச் சிறுக்கத் தேவையான மின்னோட்டம் குறையாது. வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழிக்குப் போகுமுன் ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2004 இல் மான்செஸ்டரில் தொடங்குகிறார்கள். அது போதாது. அடுக்குப் பொருள் ஒன்றில் காந்தமும் மின்கடத்தலும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன என்பதை அளந்து சொன்னவர்களில் முன்னோடி, வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இராமனோடு சேர்ந்து 1928 இன் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் பங்குகொண்டவர் என்றே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய சொந்த வேலை அதற்குப் பின்னர்தான் தொடங்கியது: டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்தத்தை அளந்தார். சிறு பளிங்கு ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்துக்குள் வைத்து, இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டு போவார். ஒரு கட்டத்தில் பளிங்கு சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து, பளிங்கின் காந்தம் ஒரு திசையில் இருப்பதற்கும் இன்னொரு திசையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டார். கண்ணாடி, இழை, பொறுமை ஆகியவற்றால் செய்த வேலை அது.

அவர் அளந்தவற்றுள் காரீயமும் ஒன்று. பென்சிலில் இருக்கும் அதே கிராபைட். கரிமம் அறுகோண வலையாகப் பின்னிய தாள்கள் 0.335 நனோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது அது. தாளுக்குச் செங்குத்தாகப் புலத்தைக் கொடுத்தால் காரீயம் அதை வலுவாக எதிர்க்கிறது. தாளின் வழியே கொடுத்தால் எதிர்ப்பு மிகச் சிறியது. சக ஆய்வாளர் கங்குலியோடு சேர்ந்து 1939 இல் அவர் மின்கடத்தலையும் அளந்தபோது, தாளின் வழியே பாயும் மின்சாரம் குறுக்கே பாய்வதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிதாகப் பாய்ந்தது. 1941 இல் அவர்கள் எழுதிய விளக்கம் இன்றைக்கும் வாசிக்கத்தக்கது: காரீயத்தின் இலத்திரன்கள் தாளுக்குள் தாராளமாக ஓடுகின்றன, தாளைவிட்டுத் தாளுக்குத் தாவ மிகவும் சிரமப்படுகின்றன. இருபரிமாண இலத்திரன் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான முன்னுரை கிடைக்காது. உலகின் மிகத் தூய நரம்புக் காரீயம் இலங்கையின் போகலையிலும் கஹட்டகஹவிலும் வெட்டப்படுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். எமது பாடப்புத்தகங்களில் அது ஏற்றுமதிப் பட்டியலில் வருகிறது. பௌதிகவியல் பாடத்தில் வரவேண்டிய பொருள் அது.

ஒட்டுநாடாவால் காரீயத்தை உரித்து உரித்து ஓரணுத் தாளை எடுக்கமுடியும் என்று 2004 இல் மான்செஸ்டரில் கைமும் நோவொசெலொவும் காட்டினார்கள். அதன்பின் அடுக்குப் பொருள்கள் ஒவ்வொன்றாக உரிக்கப்பட்டன: மின்காவலி, குறைகடத்தி, மீகடத்தி எல்லாம் கிடைத்தன. காந்தம் மட்டும் நீண்டகாலம் கிடைக்கவில்லை. அதற்குக் கோட்பாட்டுத் தடை ஒன்று சொல்லப்பட்டுவந்தது. 1966 இல் மெர்மினும் வாக்னரும் நிறுவியது: அணுக்காந்தங்கள் எல்லாத் திசைகளையும் ஒன்றாகவே கருதினால், இருபரிமாணத் தளத்தில், முழுப்பூச்சியத்துக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் அவை ஒருமித்து நிற்க முடியாது. வெப்ப அசைவு அவற்றைக் கலைத்துவிடும். இந்தத் தேற்றத்தின் நிபந்தனையைப் பலர் மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். பளிங்கு ஒரு திசையை விரும்பினால் தேற்றம் பொருந்தாது. 1944 இலேயே ஒன்சாகர் அத்தகைய இருபரிமாண மாதிரி ஒன்று ஒழுங்குறும் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். கிருஷ்ணன் அளந்த அதே திசைவேறுபாடுதான் மெல்லிய காந்தத்தை உயிரோடு வைத்திருப்பது.

2016 இல் தென்கொரியக் குழு ஒன்று இரும்பு, பொஸ்பரசு, கந்தகம் சேர்ந்த ஒற்றை அடுக்கில், அயல் அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் எதிர்க்காந்த ஒழுங்கைக் கண்டது. 2017 ஜூனில் இரண்டு அறிக்கைகள் சேர்ந்து வந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து குரோமியம் அயடைட்டின் ஒற்றை அடுக்கு 45 கெல்வின் வரை காந்தமாக இருப்பதைக் காட்டின. பேர்க்லி குழு குரோமியம், செருமானியம், தெலூரியம் சேர்ந்த ஈரடுக்கில் அதையே கண்டது. 45 கெல்வின் என்றால் பூச்சியத்துக்குக் கீழே 228 பாகை செல்சியஸ். கண்டுபிடிப்பு மகத்தானது, பயன்பாடு தொலைவில். போதாக்குறைக்குக் குரோமியம் அயடைட்டு ஈரக்காற்றில் நிமிடக்கணக்கில் கெட்டுப்போகும். உப்புக்காற்று வீசும் எமது கரைகளில் அதைத் திறந்துவைக்கவே முடியாது. சடத்துவ வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் வேலை.

இனி எழுதும் முறைக்கு வருகிறேன். இலத்திரனுக்கு மின்னேற்றம் இருப்பதுபோலத் தற்சுழற்சியும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். 1996 இல் சுலொன்செவ்ஸ்கியும் பெர்கரும் தனித்தனியே சொன்னார்கள்: தற்சுழற்சிகள் ஒருதிசைப்பட்ட மின்னோட்டத்தை ஒரு காந்தத்துக்குள் செலுத்தினால், அது தன் சுழலுந்தத்தைக் காந்தத்திடம் கொடுத்துவிட்டு அதைத் திருப்பும். சந்தையில் இன்று கிடைக்கும் காந்த நினைவகங்கள் பெரும்பாலும் இந்த முறையில் இயங்குபவை. அதில் ஒரு குறை: எழுதும் மின்னோட்டம் மிக மெல்லிய காவல் படலம் ஒன்றினூடாகப் பாயவேண்டும், காலப்போக்கில் படலம் தேய்கிறது. 2011, 2012 ஆண்டுகளில் பிரெஞ்சுக் குழு ஒன்றும் கோர்னல் பல்கலைக்கழகமும் வேறு வழியைத் திறந்தன. பிளாற்றினம், தந்தாலம் போன்ற கனமான உலோகத்தில் மின்சாரம் கிடையாக ஓடும்போது, ஒருவகைத் தற்சுழற்சியுள்ள இலத்திரன்கள் மேல்நோக்கியும் எதிர்வகை கீழ்நோக்கியும் ஒதுங்குகின்றன. இது 1971 இல் தியாக்கொனொவும் பெரெலும் முன்னறிவித்த விளைவு. உலோகத்தின்மேல் காந்தத்தை வைத்தால், ஒதுங்கிய தற்சுழற்சிகள் அதற்குள் புகுந்து திருகுகின்றன. மின்னோட்டம் காந்தத்தினூடாகப் போகவே தேவையில்லை. எழுதும் பாதை வேறு, வாசிக்கும் பாதை வேறு.

அடுக்குக் காந்தங்களுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். திருகுவிசை பரப்பில் செயற்படுகிறது. காந்தம் மெலிய மெலியத் திருப்பவேண்டிய சரக்கும் குறைகிறது. அடுக்குப் பொருளின் முகம் அணுவளவுக்குச் சமதளமானது, தொங்கும் பிணைப்புகள் அற்றது. ஆகவே தற்சுழற்சி வழியில் வீணாவதும் குறையலாம்.

2019 இல் இரண்டு குழுக்கள், ஒன்று பெய்ஜிங்கிலும் ஒன்று கலிபோர்னியாவின் ரிவர்சைட்டிலும், இரும்பு-செருமானியம்-தெலூரைட்டைப் பிளாற்றினத்தோடு சேர்த்துத் திருப்பிக் காட்டின. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கோடி அம்பியர் என்ற வரிசையில் மின்னோட்ட அடர்த்தி வேண்டியிருந்தது. அறை வெப்பநிலைக்கு வெகு கீழேதான் அது நடந்தது. அப்பொருளின் தடித்த பளிங்கே சுமார் 220 கெல்வினில் காந்தத்தை இழந்துவிடும். மின்னழுத்தம் கொண்டு அயன்களைப் புகுத்தினால் அந்த வரம்பை அறை வெப்பநிலைக்கு ஏற்றலாம் என்று ஷாங்காய் குழு 2018 இல் காட்டியிருந்தது. நல்ல பௌதிகம், ஆனால் சில்லுக்குள் வைக்கக்கூடிய ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை.

கோடி அம்பியர் என்றதும் திகைக்கவேண்டாம். ஐம்பது நனோமீற்றர் அகலமும் ஐந்து நனோமீற்றர் தடிப்பும் உள்ள கம்பியில் அந்த அடர்த்தி வெறும் 25 மைக்ரோஅம்பியர்தான். திகைக்கவேண்டியது வெப்பத்தைப் பற்றி. வெப்பம் அடர்த்தியின் இருபடியாக உயரும். அடர்த்தியைப் பத்தில் ஒன்றாக்கினால், மற்றவை மாறாதிருக்கும்பட்சத்தில், வெப்பம் நூறில் ஒன்றாகும்.

அடுத்த தடை சமச்சீர்மையிலிருந்து வந்தது. அடர்ந்த நினைவகத்துக்குக் காந்தம் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். பிளாற்றினம் அனுப்பும் தற்சுழற்சியோ தளத்தோடு படுத்திருக்கிறது. அது காந்தத்தைச் சரித்துப் படுக்கவைக்கும். மின்னோட்டம் நின்றதும் காந்தம் மேலே எழுமா கீழே விழுமா என்பது, நடுவில் சமநின்ற தராசின் எந்தத் தட்டுத் தாழும் என்பதைப்போலத் தீர்மானமற்றது. ஒரு பக்கம் சாய்க்க வெளிக்காந்தம் ஒன்று தேவைப்பட்டது. வெளிக்காந்தத்தைச் சில்லுக்குள் வைத்தால் முழு நோக்கமும் கெட்டுவிடும்.

இதற்கு விடையும் அடுக்குப் பொருளிலிருந்தே வந்தது. தங்குதன் தெலூரைட்டின் மேற்பரப்பில் சமச்சீர்மை மிகக் குறைவு. ஒரே ஒரு ஆடித்தளம்தான் எஞ்சுகிறது. சரியான பளிங்கு அச்சின் வழியே மின்சாரத்தை ஓட்டினால், செங்குத்தான தற்சுழற்சியும் வெளிப்படுகிறது என்று 2017 இல் கோர்னல் குழு கண்டது. 2022 இல் கார்னகி மெலனில் சிம்ரன்ஜீத் சிங், ஜோதி கடோச் ஆகியோரின் குழு தங்குதன் தெலூரைட்டையும் இரும்பு-செருமானியம்-தெலூரைட்டையும் சேர்த்து, வெளிக்காந்தமின்றி, ஒவ்வொரு தடவையும் விரும்பிய திசைக்கே திருப்பியது. இந்த முழு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். அதிக விசையைப் பிரயோகித்து வென்றதல்ல. பளிங்கின் வடிவத்தைப் படித்து வென்றது.

எஞ்சியது வெப்பநிலை. 2022 இல் வூகானில் இரும்பு-கல்லியம்-தெலூரைட்டு என்ற பொருளை வளர்த்தார்கள். அதன் காந்தம் 350 முதல் 380 கெல்வின் வரை நிற்கிறது. 2024 இல் எம்.ஐ.டி.யில் தெப்லினா சர்க்கார், ஷிவம் கஜாலே ஆகியோரின் குழு இதைப் பிளாற்றினத்தோடு சேர்த்து 320 கெல்வினில், அதாவது 47 பாகை செல்சியஸில், சதுர சென்ரிமீற்றருக்கு 16.9 இலட்சம் அம்பியரில் திருப்பியது. அதே ஆண்டில் பிளாற்றினத்துக்குப் பதில் தங்குதன் தெலூரைட்டை வைத்து, வெளிக்காந்தம் இல்லாமலே, 22.3 இலட்சம் அம்பியரில் திருப்பியது. அடுக்குக் காந்தம், அறை வெப்பநிலை, வெளிக்காந்தமின்மை, குறைந்த மின்னோட்டம் ஆகிய நான்கும் ஒரே உறுப்பில் கூடின.

செய்தித்தாள்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆய்வைப் பரிசீலிப்பவர் நிற்கக்கூடாது.

முதலாவது, 47 பாகை போதாது. கணினிச் சில்லு சாதாரணமாகவே 85 பாகை வரை சூடாகி வேலைசெய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பலகையில் பற்றவைக்கும்போது 260 பாகையைச் சந்திக்கிறது. 380 கெல்வின் என்பது 107 பாகைதான். அந்த எல்லையை நெருங்க நெருங்கக் காந்தத்தின் பிடி தளர்கிறது. எழுதியது பத்தாண்டு அழியாமல் நிற்கவேண்டிய நினைவகத்துக்கு இது சிறிய குறை அல்ல. ஒற்றை அடுக்காக மெலிந்தால் அதன் எல்லை அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே இதுவரை திருப்பப்பட்டவை பல அடுக்குத் துண்டுகளே. இருபரிமாணம் என்ற சொல்லை இங்கே சற்றுத் தளர்வாகவே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, குறைந்த மின்னோட்டம் என்ற எண்ணைக் கவனமாக வாசிக்கவேண்டும். மின்சாரம் பாயும்போது உறுப்பு சூடாகிறது. சூடானதும் காந்தம் எளிதில் திரும்புகிறது. எண்ணில் எவ்வளவு தற்சுழற்சியின் வேலை, எவ்வளவு சூட்டின் உபயம் என்று பிரிக்காத அறிக்கையை முழுதாக ஏற்பது கடினம். அத்துடன் தங்குதன் தெலூரைட்டின் தடைத்திறன் பிளாற்றினத்தைவிடப் பல மடங்கு. ஒரே அடர்த்தியில் அது கூடுதலாகச் சூடாகும். எனவே இரண்டு உறுப்புகளை ஒப்பிட மின்னோட்ட அடர்த்தி தவறான அளவுகோல். ஒரு துண்டுத் தகவலை எழுத எத்தனை ஜூல் செலவானது என்பதே சரியான கேள்வி. அந்த எண்ணை எல்லா அறிக்கைகளும் முதற்பக்கத்தில் தரவேண்டும்.

மூன்றாவது, உற்பத்தி. சாதனை உறுப்புகளில் பெரும்பாலானவை ஒட்டுநாடாவால் உரித்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டவை. அகலம் மைக்ரோமீற்றர் கணக்கில். தங்குதன் தெலூரைட்டின் அச்சு சரியான திசையில் அமையவேண்டும் என்பதால், சில்லுகள் செதுக்கப்படும் முழு வட்டத்தட்டில் ஒரேமாதிரி வளர்ப்பது இன்னும் கடினம். காற்றும் ஈரமும் தெலூரைட்டுகளையும் அரிக்கும்.

இதே இலக்கை வேறு பாதையில் தேடுபவர்களும் இருக்கிறார்கள். இராமமூர்த்தி ரமேஷ் என்ற ஆய்வாளர் 2003 முதல் பிஸ்மத் பெரைட்டுப் படலங்களில் வேலைசெய்துவருகிறார். அங்கே காந்தத்தைத் திருப்புவது மின்னழுத்தம். மின்னோட்டம் தொடர்ந்து பாயவேண்டியதில்லை, ஆகவே வெப்ப இழப்பு மிகக் குறைவு. 2014 இல் அவர் குழு அறை வெப்பநிலையில் அதைச் செய்தது. சக்தியை மட்டும் பார்த்தால் இந்தப் பாதை முந்துகிறது. திரும்பத் திரும்ப எழுதும்போது பொருள் களைத்துப்போவது அதன் சிக்கல். இரண்டில் ஒன்றே வெல்லும் என்று எண்ணத் தேவையில்லை. அடுக்குக் காந்தத்தை மின்னழுத்தத்தால் தளர்த்தி, சிறு மின்னோட்டத்தால் திருப்புவது நியாயமான அடுத்த படி. 2018 இல் குரோமியம் அயடைட்டு ஈரடுக்கின் காந்தநிலையை மின்னழுத்தத்தால் மாற்றிய சோதனைகள் அந்த வாசலை ஏற்கெனவே திறந்திருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். மின்னோட்டத்தால் அடுக்குக் காந்தத்தைத் திருப்ப முடியுமா என்ற பௌதிகக் கேள்வி தீர்ந்துவிட்டது. வெளிக்காந்தம் வேண்டுமா என்பதும் தீர்ந்துவிட்டது. தரவு மையங்களின் மின்சாரத்தை இது குறைக்கும் என்ற பேச்சு மட்டும் இன்னும் நிறுவப்படாதது. நினைவகத்தில் எழுதும் செலவு மொத்தச் செலவின் ஒரு பங்குதான். தகவலை இடம்விட்டு இடம் நகர்த்துவதும் குளிரூட்டுவதும் வேறு கணக்குகள். 450 கெல்வினுக்கு மேல் காந்தமாக நிற்கும், காற்றில் கெடாத, வட்டத்தட்டில் வளரும் ஒரு பொருள் கிடைக்கும்வரை அந்தப் பேச்சை அடக்கியே பேசவேண்டும்.

இலங்கைக்கு இதில் இடமுண்டா? உண்டென்றே நினைக்கிறேன். நாட்டின் காரீயத்திலிருந்து கிராபீன் செய்யும் முயற்சியை இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனமும் தனியார் துறையும் சேர்ந்து தொடங்கியிருக்கின்றன. கிராபீன் காந்தமல்ல, ஆனால் அடுக்குக் காந்தங்களுக்கு மின்வாயாகவும் காப்புப் போர்வையாகவும் அது பயன்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் சூரியக் கலங்களுக்கான மென்படல ஆய்வு நடந்துவருகிறது. படலம் வளர்க்கவும் மின்னியல்பை அளக்கவும் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. சில்லுத் தொழிற்சாலை எமக்கு எட்டாது. பளிங்கு வளர்ப்பதும், அதன் காந்தத்தை நேர்மையாக அளப்பதும், பிறர் சொல்லும் எண்களைச் சரிபார்ப்பதும் எட்டும். 1930களில் கிருஷ்ணன் கையில் இருந்ததைவிட இன்று ஒரு பட்டதாரி மாணவர் கையில் அதிகக் கருவிகள் இருக்கின்றன.

ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மின்காந்தப் பாடத்தை ஏர்ஸ்டட்டின் ஊசியோடு முடித்துவிடாதீர்கள். ஒரு பென்சில் காரீயத் துண்டையும் ஒட்டுநாடாவையும் வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். அடுக்குகளை உரித்துக் காட்டுங்கள். கிருஷ்ணன் அதில் எதை அளந்தார் என்பதையும், 2024 இல் எதைத் திருப்பினார்கள் என்பதையும் ஒரே பாடவேளையில் சொல்லுங்கள். எஞ்சிய கேள்விகளுக்கு விடை தேடப்போகிறவர்களில் ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்து வரட்டும்.